45 பெட்டி, 38 பல்லாங்குழி, 5 ஊஞ்சல் பாக்கி

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பகலில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. தாத்தா தோட்டத்துத் தச்சர். அவரிடம் கற்ற கைவேலையை விட மனமில்லாமல் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து மரவேலை செய்கிறேன். போன மே மாதம் இணையத்தில் நிதி திரட்டினேன். 60 வெள்ளி (ரிங்கிட்) போட்டால் இரண்டு அகப்பை, 180க்குப் பால்மரத்தில் (ரப்பர் மரம்) அஞ்சறைப்பெட்டி, 350க்கு மடிப்புப் பல்லாங்குழி, 1,500க்குப் பழைய தோட்ட வீட்டு உத்தரத்தில் அறுத்த செங்கால் மர ஊஞ்சல் பலகை. 191 பேர் சேர்ந்து 39,580 வெள்ளி போட்டார்கள். தளத்தின் கட்டணம் போகக் கைக்கு வந்தது 36,900. தீபாவளிக்குள் எல்லாம் வீடு வந்து சேரும் என்று எழுதியிருந்தேன். இப்போது தைப்பூசமும் முடிந்துவிட்டது. அகப்பை 74 பேருக்கும் போய்விட்டது. பெட்டி 68ல் 23தான் போயிருக்கிறது, பல்லாங்குழி 44ல் 6. ஊஞ்சல் ஒன்றுகூட முடியவில்லை. கொடுத்த பெட்டிகளிலும் ஒன்பதில் மூடி இறுகிக்கொண்டு திறக்க வரவில்லை என்கிறார்கள். கையில் மிச்சம் 5,100. ‘அடுத்த மாதம்’ என்று நான்கு முறை சொல்லிவிட்டேன். ஒருவர் போலீஸ் ரிப்போர்ட் செய்யப்போவதாக எழுதியிருக்கிறார். பம்பரம் செய்வதாகச் சொல்லி இன்னொரு முறை நிதி திரட்டி இதை அடைக்கலாம் என்கிறார் மச்சான். பணம் போட்டவர்களில் நாற்பது பேர் இந்த ஊரும் சுற்றுத் தோட்டங்களும்தான். கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். என்ன செய்வது?

பதில்: தம்பி, கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த கணக்குத்தாளை முதலில் பார்த்தேன். இழைப்பு இயந்திரம் 7,000, கடைசல் இயந்திரம் 4,800, மரம் 9,200, கொட்டகை வாடகை 3,600, கீல், எண்ணெய், அட்டைப்பெட்டி, தபால் எல்லாம் சேர்த்து 4,100, வீட்டுச் செலவுக்கு எடுத்தது 3,100, மிச்சம் 5,100. கூட்டிப் பார்த்தேன், 36,900 சரியாக வருகிறது. சிக்கலில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரிடம் இப்படி ஒரு தாள் இருக்காது. வீட்டுச் செலவு வரிக்குப் பக்கத்தில் ‘தப்பு’ என்று பென்சிலால் எழுதி அடித்திருக்கிறீர்கள். தப்பு ஒன்றும் இல்லை. பத்து மாத வேலைக்கு 3,100 வெள்ளி கூலி, அதுவும் குறைந்த கூலி. அந்த வரிக்குக் ‘கூலி’ என்றே பெயர் வையுங்கள், யார் கேட்டாலும் காட்டுங்கள்.

தாளில் இல்லாமல் போனது நேரக் கணக்கு. நான் திருப்பிக் கேட்டதும் உண்மையைச் சொன்னீர்கள். திட்டம் போட்டபோது ஒரு பெட்டிக்கு இரண்டு மணி நேரம், பல்லாங்குழிக்கு நான்கு, ஊஞ்சலுக்குப் பத்து என்று நினைத்திருக்கிறீர்கள். நடப்பில் பெட்டிக்கு ஐந்து, பல்லாங்குழிக்கு ஒன்பது, ஊஞ்சலுக்கு இருபத்திரண்டு ஆகிறது. அப்படியானால் பாக்கி 45 பெட்டிக்கு 225 மணி நேரம், 38 பல்லாங்குழிக்கு 342, ஐந்து ஊஞ்சலுக்கு 110, இறுகிய மூடிகளைச் சரிசெய்ய ஒரு பதிமூன்று, பதினான்கு. மொத்தம் 690 மணி நேரம். ஆலை வேலை முடிந்து வந்து வாரத்துக்கு 22 மணி நேரம் கொட்டகையில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதில் பொட்டலம் கட்டுவதும் புலனத்தில் (வாட்ஸ்அப்) பதில் எழுதுவதும் நான்கு மணி நேரத்தைத் தின்றுவிடும். மீதி 18. இந்த வேகத்தில் 38 வாரம், அதாவது ஒன்பது மாதம். ‘அடுத்த மாதம்’ என்று நான்கு முறை சொன்னபோது நீங்கள் பொய் சொல்ல நினைக்கவில்லை என்று நம்புகிறேன். உட்கார்ந்து பெருக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் காத்திருக்கிறவர் காதில் இரண்டும் ஒன்றுதான்.

இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈத்தன் மோலிக், இணையத்தில் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரின் திட்டங்களை ஆராய்ந்து 2014ல் வெளியிட்ட கட்டுரையில், பொருள் தருவதாகச் சொன்னவர்களில் 75 விழுக்காட்டுக்கும் மேலானோர் சொன்ன நாளைத் தாண்டித்தான் கொடுத்தார்கள் என்று கண்டார். அடுத்த ஆண்டு பணம் போட்டவர்களிடமே கேட்டு நடத்திய ஆய்வில், கடைசிவரை பொருளே தராமல் போனவை 9 விழுக்காடு. தாமதிக்கும் பெருங்கூட்டத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள். அந்த 9க்குள் போய் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி உங்கள் வேலை. கிக்ஸ்டார்ட்டர் விதியும் இதையே கேட்கிறது: சொன்னதைத் தர முடியாவிட்டால் பணம் எப்படிச் செலவானது என்று காட்டு, என்ன நடந்தது என்று சொல், மிச்சப் பணத்தைப் பொருள் கிடைக்காதவர்களுக்குத் திருப்பிக் கொடு. நீங்கள் பயன்படுத்திய தளம் வேறாக இருந்தாலும் அந்த மூன்றும் நியாயமான கோரிக்கைகள்தான்.

இப்போது மணி நேரத்தைக் குறைக்கிற வழி. நான் முப்பது ஆண்டு மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலைகளில் உற்பத்தி மேற்பார்வை பார்த்தவன். உங்கள் கொட்டகைப் படத்தைப் பார்த்ததும் ஒன்று தெரிந்தது: ஒரு பெட்டியை எடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறீர்கள். மேசையில் முடிந்த பெட்டி ஒன்று, பசை காய்கிற பெட்டி ஒன்று, அறுக்காத பலகை ஒன்று. பார்க்க அழகுதான், தாத்தா அப்படித்தான் செய்திருப்பார். ஆனால் ரம்பத்தின் அளவை மாற்றி, காடி (மூடி ஓடும் பள்ளம்) வெட்டும் ரவுட்டரின் ஆழத்தைச் சரிபார்த்து, துண்டு மரத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க இருபது நிமிடம் போகிறது. ஒரு பெட்டிக்கு இப்படி நான்கு முறை. எண்பது நிமிடம் மரத்தைத் தொடாமலே கழிகிறது. பதினைந்து பெட்டிக்கான பக்கப் பலகைகளை ஒரே நாளில் அறுங்கள். மறுநாள் பதினைந்துக்கும் காடி மட்டும். அந்த எண்பது நிமிடம் பதினைந்தாகப் பிரிந்து பெட்டிக்கு ஐந்து, ஆறு நிமிடமாகச் சுருங்கிவிடும். ஐந்து மணி நேரம் மூன்றே முக்காலாகும்.

பல்லாங்குழியில் பதினான்கு குழியையும் குடைவுளியால் தோண்டுகிறீர்கள். குழிக்கு 25 நிமிடம் என்றால் குழிகளுக்கே ஆறு மணி நேரம். ஒட்டுப்பலகையில் ஏழு வட்டம் வெட்டி ஓர் அச்சு செய்துகொண்டு, கிண்ண முனை போட்ட ரவுட்டரை அதற்குள் சுழற்றினால், தேய்ப்பு வேலையோடு சேர்த்துக் குழிக்குப் பத்து நிமிடம் போதும். ‘கையால் செய்தது’ என்று சொல்லியிருக்கிறேனே என்று கேட்பீர்கள். கடைசித் தேய்ப்பு கையால்தான் நடக்கிறது. விளிம்பில் நீங்கள் செதுக்கும் அந்த மாவிலைத் தோரணமும் கையால்தான். அச்சு போட்டுக் குடைகிறேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். புளியங்கொட்டை போட்டு ஆடப்போகிறவர் எவரும் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டார். ஒன்பது மணி நேரத்தை ஆறு என்று வைத்துக்கொள்வோம்.

இத்தனையும் செய்தால் 690 என்பது 520 ஆகிறது. வாரம் 18 வீதம் 29 வாரம். அதோடு கால் பங்கு கூட்டுங்கள். காய்ச்சல் வரும், ஆலையில் ஓவர்டைம் போடச் சொல்வார்கள், வீட்டில் ஒரு கல்யாணம் வரும். 36 வாரம். ஆகவே நீங்கள் அறிவிக்க வேண்டிய தேதி நவம்பர் 30. தயவுசெய்து ‘இந்தத் தீபாவளிக்குள்’ என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லை ஏற்கெனவே ஒரு முறை உடைத்துவிட்டீர்கள்.

ஊஞ்சலைத் தனியாகப் பேச வேண்டும். ஐந்து பேருக்காக 110 மணி நேரம், ஏறக்குறைய ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் மற்ற 83 பேர் காத்திருக்க வேண்டும். மரமும் சுலபமான மரம் இல்லை. பழைய உத்தரத்துக்குள் தலை ஒடிந்த ஆணி ஒன்று மறைந்திருந்து புது இழைப்புத் தகட்டைக் கடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் எத்தனை ஆணி இருக்கிறதோ! இந்த ஐவரையும் தொலைபேசியில் கூப்பிடுங்கள். புலனச் செய்தி வேண்டாம், குரல் கேட்க வேண்டும். முழுப் பணத்தையும் திருப்பித் தர முன்வாருங்கள். காத்திருக்கிறேன் என்பவருக்கு எல்லோருக்கும் கடைசியில், நவம்பரில்.

அதற்குப் பணம்? அந்தக் கடைசல் இயந்திரத்தை விற்றுவிடுங்கள். பெட்டிக்கும் பல்லாங்குழிக்கும் ஊஞ்சலுக்கும் அதில் ஒரு வேலையும் இல்லை. பம்பரக் கனவுக்காக வாங்கினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது, ஆனால் அடுத்தவர் பணத்தில் அடுத்த கனவுக்கு முன்கூட்டியே வாங்கிய சாமான் அது. உங்கள் கணக்கில் நான் குறை சொல்லும் வரி இது ஒன்றுதான். 3,500க்குப் போனாலும் கையிலிருப்பதோடு 8,600 ஆகும். அதில் பாக்கிப் பொருள்களின் தபாலுக்கும் பித்தளைக் கீலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் 2,100 வெள்ளியை எடுத்துத் தனியாக வையுங்கள், தொடவே கூடாது. (கூரியரில் எடையை மட்டும் பார்க்கமாட்டார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். பல்லாங்குழிக்கு நீங்கள் எடுத்திருக்கும் பெரிய அட்டைப்பெட்டி வீண் செலவு.) மீதி 6,500. ஊஞ்சல்காரர் நால்வர் பணம் கேட்டாலும் சமாளிக்கலாம்.

மச்சான் சொல்லும் யோசனை வேண்டாம். பழைய பாக்கியைப் புதியவர் பணத்தில் அடைக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குனின் ஸ்புமி கடன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் சமூகத் தொழில்முனைவோருக்கென்றே இருக்கிற கடன்தான், தொழில் வளரும்போது கேளுங்கள். இப்போது உங்களுக்குக் குறைவது நேரம், அதைக் கடனாகக் கொடுக்க ஆள் இல்லை.

போலீஸ் விஷயம். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இவ்வளவு சொல்லலாம்: ஏமாற்றுக் குற்றம் என்றால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. 103 பேருக்குப் பொருளை அனுப்பி, வெள்ளி வெள்ளியாகக் கணக்கும் வைத்திருப்பவர் அதற்குப் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் பயனீட்டாளர் தீர்ப்பாயம். விலை சொல்லிப் பொருள் தருவதாகப் பணம் வாங்கியதால் அங்கே உங்களைக் கடைக்காரராகவே பார்ப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்தது அது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை விசாரிக்கும், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. 180 வெள்ளிப் பெட்டிக்காக ஒருவர் போனால் அவருக்கு நஷ்டம் ஐந்து வெள்ளியும் ஒரு காலைப் பொழுதும்தான். அங்கே ஓர் உத்தரவு வந்தால் 14 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும், மீறுவது குற்றம். ஆகவே ரிப்போர்ட் செய்வேன் என்றவருக்குக் கோபமாகப் பதில் எழுதாதீர்கள். அவருக்குப் பணம் வேண்டுமா, பெட்டி வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றுக்கு வருகிறேன். அனுப்பிய 23 பெட்டியும் யார் யாருக்குப் போனது என்று பட்டியலைப் பார்த்தேன். முதலில் பணம் போட்டவர்களுக்குப் போகவில்லை. சத்தம் போட்டவர்களுக்குப் போயிருக்கிறது. கடைத்தெருவில் மறித்தவர், முகநூலில் எழுதியவர், உங்கள் மனைவியின் அக்காளிடம் சொல்லியனுப்பியவர். மே மாதம் முதல் நாளே பணம் போட்டுவிட்டு இதுவரை ஒரு வார்த்தை கேட்காத ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உங்கள் பட்டியலில் மூன்றாம் எண். அவருக்கு இன்னும் போகவில்லை. திட்டினால்தான் பெட்டி வரும் என்று ஊருக்கே நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், பிறகு எல்லோரும் திட்டுகிறார்களே என்றால் என்ன செய்ய? பணம் வந்த தேதிப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுங்கள். அண்ணன் கேட்டாலும் எண் மாறக்கூடாது.

செய்தியை எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

‘வணக்கம். அஞ்சறைப்பெட்டி 45, பல்லாங்குழி 38, ஊஞ்சல் 5 நான் இன்னும் தர வேண்டியவை. ஒரு பெட்டிக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன், ஐந்து ஆகிறது. தவறு என்னுடையது. ஆலை வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் 18 மணி நேரம் இதில் உழைக்கிறேன். கடைசிப் பொருள் நவம்பர் 30க்குள் என் கையை விட்டுப் போகும். உங்கள் வரிசை எண் கீழே இருக்கிறது. காத்திருக்க முடியாதவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்ட வரிசைப்படி, என்னால் முடிந்த அளவு மாதாமாதம் தருவேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு எண்ணிக்கையைப் போடுகிறேன். வந்த பணத்தின் செலவுக் கணக்கும் இதோடு இருக்கிறது.’

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததையும் மழையையும் போன செய்திகளில் எழுதிவிட்டீர்கள். இரண்டும் உண்மை என்றாலும் 690 மணி நேரத்துக்கு அவை காரணமில்லை. முதல் ஞாயிறு வரும்போது மூன்றே பெட்டி முடிந்திருந்தால் ‘மூன்று’ என்று போடுங்கள்.

மூவாரில் எனக்கு இது நடந்தது. சாப்பாட்டு நாற்காலி 400 அனுப்ப வேண்டியிருந்தது. வாரா வாரம் வாங்குபவரிடம் ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’ என்றேன். ஐந்தாவது வாரம் மனிதர் காரில் வந்து இறங்கிவிட்டார். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு முடிந்த நாற்காலிகளின் அடிப்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே போனார். 112ல் கோடு நின்றது. அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு எண்ணிக்கையை அனுப்பினேன். நாற்காலி முடிய இன்னும் ஏழு வாரம் ஆனது, ஆனால் அவர் மறுபடி காரை எடுத்துக்கொண்டு வரவில்லை.

உங்கள் ஊர்க்காரர்கள் பணம் போட்டதைப் பற்றி ஒன்று. ‘கூட்டு மாதிரிதானே இது’ என்று யாரோ சொன்னதாக வருத்தப்பட்டிருக்கிறீர்கள். 1971லேயே தடைசெய்த கூட்டுக்கும் (சீட்டுப் பிடிப்பது) இதற்கும் சம்பந்தமில்லை. இதற்கு நெருக்கமான பழைய கதை வேறொன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1960ல், சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். பால்வெட்டுச் சம்பளத்தில் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் உங்களுக்கு 180 போட்டவர்கள். வட்டிக்காகப் போட்ட பணம் இல்லை அது. நம் பையன் செய்கிறான் என்று போட்டது. அவர்களிடமிருந்து ஒளிவது சரியில்லை.

கடைசியாக மூடிகள். உங்கள் பால்மரம் சூளையில் 8, 10 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தியதாகத்தான் வந்திருக்கும். அதை வந்ததும் அப்படியே அறுத்து மூடியாக்கிவிட்டீர்கள். நம் ஊர்க் காற்றில் அது 14, 15க்கு ஏறிவிடும். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் வீங்கும். 20 சென்டிமீட்டர் அகல மூடி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருக்கும், காடியில் நீங்கள் விட்ட இடைவெளி அரை மில்லிமீட்டர். எப்படித் திறக்கும்? போதாததற்கு மேல்பக்கத்துக்கு மட்டும் எண்ணெய் பூசி, அடிப்பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கம் ஈரம் குடிக்க, மறுபக்கம் குடிக்காமல் இருக்க, மூடி வளையத்தான் செய்யும். ஓர் ஈரமானி வாங்குங்கள், விலை அதிகமில்லை. அறுத்த பலகைகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். இனிச் செய்யும் மூடிக்குப் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டு, இரண்டு பக்கமும் அறுத்த முனையிலும் ஒரே அளவு எண்ணெய் பூசுங்கள்.

இறுகிய ஒன்பதில் நான்கு உள்ளூர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றைத் திருப்பி வாங்க வேண்டாம். வருகிற ஞாயிறு காலை தாத்தாவின் சின்ன இழைப்புளியையும் ஒரு குப்பி எண்ணெயையும் எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவின் பெட்டியும் அதில் ஒன்று, அதிலிருந்தே தொடங்குங்கள். மூடியை ஈரத்துணி போடாமல் மரச்சுத்தியால் பின்னாலிருந்து மெல்லத் தட்டி எடுத்து, இரண்டு ஓரத்திலும் நான்கைந்து இழைப்பு இழைத்து, எண்ணெய் பூசிக் கொடுத்தால் இருபது நிமிட வேலை. மிளகையும் கடுகையும் முதலில் அவர்களையே வேறு கிண்ணத்தில் கொட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சீவலைப் பொறுக்க ஒரு பையும் கொண்டுபோங்கள்.